கிடைத்த விநோதப் பாட்டைப் பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டுவது எப்படி: வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய கேசட்டிலோ இசைத்தட்டிலோ யாரும் கேட்டிராத ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்சிக் கூட்டத்துக்கு முன்னால் போடுகிற பிரச்சாரப் பாட்டாக இருக்கலாம். கல்யாண பேண்டு செட்டுக்காரர்கள் சொந்தக் காசில் பதிந்த கேசட்டாக இருக்கலாம். பாட்டே இல்லாமல் சினிமா வசனம் மட்டும் பதிந்த தட்டாக இருக்கலாம். வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால் நாலு பேர் கட்டைவிரல் காட்டுவார்கள், ஒருவரும் முழுசாகக் கேட்க மாட்டார்கள். அதையே ஒரு அறையில் பத்துப் பேரை உட்கார வைத்துப் போட்டால், "இந்தக் குரல் எனக்குத் தெரியும், எங்க தெருவுல பாடுனவரு" என்று ஒருவர் சொல்வார். யார் பாடினார், எங்கே பதிந்தார்கள் என்பதெல்லாம் அப்படித்தான் வெளியே வரும். அந்த விவரத்துக்காகத்தான் நேரில் கூடிக் கேட்கச் சொல்கிறேன்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கம் இப்படிக் கூடிக் கேட்க ஆரம்பித்தபோது எதற்கு யாரிடம் கேட்பது, என்ன காகிதம் வேண்டும், எவ்வளவு ஆகும் என்று சொல்லித் தர எங்களுக்கு ஆள் இல்லை. மேசை மேசையாக அலைந்துதான் தெரிந்துகொண்டோம். நீங்களும் அலைய வேண்டாம் என்று வரிசையாக எழுதுகிறேன். விலையெல்லாம் தோராயம், கடைக்குக் கடை மாறும்.

1. எங்கே தேடுவது

சென்ட்ரல் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகம் இருக்கிறது. மூர் மார்க்கெட் என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். பழைய புத்தகக் கடைகளோடு இசைத்தட்டுக் கடைகளும் அங்கே உண்டு. வார நாளில், மதியத்துக்கு முன்னால் போங்கள். கடைக்காரருக்குப் பேச நேரம் இருக்கும். போனதும் "சினிமா இல்லாதது எங்க இருக்கு?" என்று கேளுங்கள். சினிமாத் தட்டுக்குத்தான் விலை. பக்தி, நாடகம், மேடைப் பேச்சு, குழந்தைப் பாட்டு, ஊர் பேர் தெரியாத இங்கிலீஷ் பேண்டு எல்லாம் ஓரமாகக் கட்டி வைத்திருப்பார்கள். நமக்கு வேண்டியது அந்தக் கட்டு. தட்டு 100 ரூபாயில் ஆரம்பிக்கும், கேசட் 20, 30 ரூபாய்க்குக் கிடைக்கும்.

அதைவிட நல்ல இடம் ஒன்று இருக்கிறது. உங்கள் தெருவில் வயதான மைக்செட்காரர் யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எல்லா இடத்துக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டினவர்கள் அவர்கள். தொழிலை விட்ட பிறகும் பெட்டியைத் தூக்கிப் போட மனசு வராமல் பரணில் வைத்திருப்பார்கள். அடுத்தது, பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து கொடுத்த பழைய ரெக்கார்டிங் சென்டர்கள். இன்றைக்கு அவை செல்போன் கடையாகவோ ஜெராக்ஸ் கடையாகவோ இருக்கும்; பழைய முதலாளியே கல்லாவில் உட்கார்ந்திருப்பார்.

வடசென்னையில் தமிழோடு மட்டும் நிறுத்திக்கொள்ளாதீர்கள். பெரம்பூரில் ரயில்வே வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், சௌகார்பேட்டையில் மார்வாடி, குஜராத்தி வீடுகள், பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் என்று தெருவுக்குத் தெரு வேறு பாட்டு.

இங்கே கவனிக்க வேண்டியது: மொத்தக் கட்டாக வாங்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முடி போன்ற கோடு விளிம்பிலிருந்து உள்ளே ஓடினால் அது விரிசல். கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாகப் பாருங்கள். நாடாச் சுருளில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. கடற்கரைக் காற்று படுகிற நம் பக்கத்து வீடுகளில் இது ரொம்ப சகஜம்.

2. வாங்கின அன்றே ஒரு சீட்டு எழுதுங்கள்

இதைத் தள்ளிப் போட்டால் விவரம் திரும்பக் கிடைக்காது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சீட்டு. எங்கே, யாரிடம், எந்தத் தேதியில் வந்தது; லேபிளில் கம்பெனி பேர், அதன் எண்; தட்டாக இருந்தால் லேபிளுக்கு வெளியே, பள்ளம் முடிகிற வழுவழுப்பான இடத்தில் கீறியிருக்கும் எழுத்தும் எண்ணும். அந்தக் கீறலை வைத்துத்தான் ஒரே பாட்டின் இரண்டு பதிப்புகளைப் பிரித்தறிய முடியும். கேசட் அட்டையில் அச்சகத்தின் பேர் சின்னதாகக் கீழே இருக்கும், அதையும் விடாதீர்கள். பாடகர் பேரே இல்லாத தனியார் கேசட்டில், ஆளைக் கண்டுபிடிக்க அச்சகம்தான் ஒரே வழி.

கொடுத்தவர் சொன்ன கதையை அவர் சொன்ன மாதிரியே எழுதுங்கள். "இருக்கலாம்" என்று அவர் சொன்னதை "இருக்கிறது" என்று மாற்றாதீர்கள். தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். கூட்டத்தில் யாராவது நிரப்புவார்கள்.

இன்னொன்று. வளைகுடா நாடுகளில் வேலைக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி ஊருக்கு அனுப்பிய காலம் உண்டு. பழைய கேசட் கட்டில் பாட்டுக்கு நடுவே ஒருவர் மனைவியிடமோ அம்மாவிடமோ பேசுகிற குரல் வந்துவிட்டால், அங்கேயே நிறுத்துங்கள். எவ்வளவு விநோதமாக இருந்தாலும் அது அந்த வீட்டுச் சொத்து. குடும்பத்தைக் கண்டுபிடிக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். அவர்கள் சம்மதம் இல்லாமல் கூட்டத்தில் போடக் கூடாது.

3. துடைப்பது, பதிவது

இசைத்தட்டில் இரண்டு ஜாதி. கனமாக, கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடைகிறது நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டு, அது அரக்கு. வளைந்து கொடுக்கிறது வினைல், 33 அல்லது 45 சுற்று. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. அரக்குத் தட்டின் மேல் ஸ்பிரிட்டோ சானிடைசரோ ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. ஆல்கஹாலில் அரக்கு கரையும். பாட்டும் சேர்ந்து போய்விடும்.

நாங்கள் கழுவுகிற விதம் இது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர், அதில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் இரண்டே சொட்டு. காகித லேபிளின் மேல் லேபிள் அளவுள்ள எவர்சில்வர் மூடியைக் கவிழ்த்து ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் பள்ளம் ஓடுகிற வட்டத்திலேயே துடைக்க வேண்டும், குறுக்கே இழுக்கக் கூடாது. அப்புறம் சோப்பு கலக்காத டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு முறை. பாத்திரக் கூடையில் நிற்க வைத்து நிழலில் காய விடுங்கள். வெயிலில் வைத்தால் வினைல் நெளிந்துவிடும். குழாய்த் தண்ணீர் வேண்டாம். நம் பக்கத்துத் தண்ணீரில் உப்பு, காய்ந்ததும் பள்ளத்தில் வெள்ளையாக நிற்கும்.

78 சுற்றுத் தட்டுக்கு அகலமான முள் வேண்டும். 33 சுற்று எல்.பி.க்கான முள்ளை அதில் வைத்தால் பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சல்தான் வரும். பிளேயரில் 78 என்று சுவிட்ச் இருந்தால் மட்டும் போதாது, முள்ளையும் மாற்ற வேண்டும். ஆன்லைனில் மலிவாக விற்கிற சூட்கேஸ் பிளேயர்களில் முள்ளின் அழுத்தம் அதிகம். ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது என்று நினைக்கும் தட்டை அதில் போடாதீர்கள்.

கேசட்டில் பூஞ்சை இருந்தால் ஓட்டவே கூடாது. பிளேயரில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். பூஞ்சை இல்லாத கேசட்டைக்கூட முதலில் கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றி, அப்புறம் போடுங்கள். வருஷக்கணக்கில் இறுகிக் கிடந்த நாடா தளரும். பிளேயரில் நாடா உரசிப் போகிற ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடையுங்கள். கேசட் ஓட்டில் ஐந்து ஸ்க்ரூ இருந்தால் அதிர்ஷ்டம்; உள்ளே உடைந்திருந்தாலும் நாடாவை எடுத்து வேறு நல்ல ஓட்டுக்குள் மாற்றிவிடலாம். ஸ்க்ரூ இல்லாமல் ஒட்டின ஓடு என்றால் பழகின ஆளிடம் கொடுங்கள். பெல்ட், முள், பழைய கேசட் டெக் ரிப்பேர் எல்லாவற்றுக்கும் ரிச்சி தெரு. நல்ல டெக்கை வாங்கும்போது நீங்கள் கொண்டுபோன கேசட்டைப் போட்டுக் கேட்டு வாங்குங்கள். கடையில் வைத்திருக்கும் கேசட் அந்த டெக்கிலேயே பதிந்ததாக இருந்தால் அதில் குறை தெரியாது.

சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவது போல் மங்கலாக இருந்தால், கேசட் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும். அதைக் கால் சுற்றுக்கும் குறைவாக இப்படி அப்படித் திருப்பினால் ஜால்ராவும் 'ச' ஒலியும் ஒரு இடத்தில் பளிச்சென்று கேட்கும். திருப்புவதற்கு முன்னால் பழைய நிலையை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரில் பதிய ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. லேப்டாப்பின் மைக் துளையில் செருகாதீர்கள், ஒலி நொறுங்கும். லைன் இன் உள்ள யூ.எஸ்.பி. சவுண்டு கார்டு ஒன்று வாங்குங்கள். 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். 60 நிமிஷக் கேசட்டைப் பதிய 60 நிமிஷம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. சி.டி. தரத்தில் வேவ் கோப்பு நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்.பி. பிடிக்கும், ஒரு கேசட் 600 எம்.பி. அதை அப்படியே பத்திரப்படுத்துங்கள். இரைச்சல் நீக்குவது, எம்.பி.3 ஆக்குவதெல்லாம் நகலில் மட்டும். ரொம்பச் சுத்தம் செய்தால் பாடுபவரின் மூச்சும் போய்விடுகிறது, எனக்கு அது பிடிப்பதில்லை.

4. எதைத் தேர்ந்தெடுப்பது

சிரிப்பு மூட்டுவதை எல்லாம் விநோதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சுருதி விலகிப் பாடுகிறவரைப் போட்டுக் கூட்டமாகச் சிரிப்பதற்கு நாங்கள் இடம் கொடுப்பதில்லை. அவர் தன் காசைப் போட்டு, மனசு வைத்துப் பாடியிருக்கிறார். "இதை ஏன் இப்படிச் செய்தார்கள்?" என்று கேட்கத் தோன்றுகிறதா? அதுதான் நமக்கு வேண்டியது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் உதாரணம் நம்ம மணலி. முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பத்தை மணலி ஜமீன்தார்கள் ஆதரித்தார்கள். அந்தத் தொடர்பில்தான் கோட்டையில் வாசித்த வெள்ளைக்கார பேண்டை அவர் கேட்டார். அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரிகள் எழுதினார், அவைதான் நோட்டுஸ்வரங்கள். 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டு. இன்றைக்குச் சுத்திகரிப்பு ஆலையும் டேங்கர் லாரியுமாக இருக்கிற மணலிக்கு இப்படி ஒரு பாட்டுத் தொடர்பு என்றால் கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். முதலில் பேண்டு வாசிக்கிற மெட்டு, அடுத்து நோட்டுஸ்வரம், கடைசியில் நம் தெருப் பேண்டு செட்டின் கேசட். இந்த மூன்றை அடுத்தடுத்துப் போட்டாலே கால் மணி நேரப் பேச்சு கிளம்பும்.

வெளியூர்ச் சரக்கும் கலக்கலாம். பம்பாய் சினிமா வாத்தியக்காரர் சரண்ஜித் சிங் 1982இல் பத்து ராகங்களை எலெக்ட்ரானிக் டிஸ்கோ தாளத்தில் வாசித்துத் தட்டு வெளியிட்டார். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் முழுக்கத் தேடினார்கள். வியன்னாவில் 1998இல் தொடங்கிய காய்கறி இசைக்குழு, கேரட்டையும் பூசணியையும் குடைந்து வாத்தியம் செய்கிறது. கச்சேரி முடிந்ததும் வந்தவர்களுக்குக் காய்கறி சூப் கொடுப்பார்கள். பிள்ளைகள் வந்திருந்தால் இதை அவசியம் போடுங்கள்.

5. உரிமை விஷயம்

பயப்பட வேண்டாம், ஆனால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமை, வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷத் தொடக்கத்திலிருந்து 60 வருஷம். 1960இல் வெளியான தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2020 முடிவோடு தீர்ந்தது. பாட்டு வரிக்கும் மெட்டுக்கும் தனி உரிமை உண்டு. எழுதியவர், மெட்டமைத்தவர் காலமான பிறகும் 60 வருஷம் ஓடும். ஆக, தட்டு பழசு என்பதால் எல்லாம் இலவசம் ஆகிவிடாது. தீட்சிதர் பாட்டு எல்லோருக்கும் சொந்தம். அதைப் போன வருஷம் ஒருவர் பாடிப் பதிந்தது அவருக்கோ கம்பெனிக்கோ சொந்தம்.

அதே சட்டத்தின் 52ஆவது பிரிவில் நமக்குப் பயன்படுகிற விலக்கு ஒன்று இருக்கிறது. லாப நோக்கம் இல்லாத மன்றமோ அது போன்ற அமைப்போ தன் நடவடிக்கையாக ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்பது மீறல் ஆகாது. அதனால் குழுவுக்கு ஒரு பேர் வையுங்கள். ஒரு நோட்டில் உறுப்பினர் பேர், வரவு செலவு, ஒவ்வொரு கூட்டத்திலும் போட்ட பட்டியல் எழுதி வாருங்கள். இந்த நோட்டு பின்னால் ஹால் கேட்கப் போகும்போதும் உதவும். டிக்கெட் போட்டால், ஓட்டலில் நடத்தினால், விளம்பரதாரர் வந்தால் கதை வேறு. உரிமம் வாங்க வேண்டும். ஒலிப்பதிவுக்குப் பி.பி.எல்., வரிக்கும் மெட்டுக்கும் ஐ.பி.ஆர்.எஸ். என்று இரண்டு இடம். தொடங்குகிறவர்கள் டிக்கெட் பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து.

கூட்டத்தில் போட்டதை யூடியூபில் ஏற்றுவதற்கு அந்த விலக்கு பொருந்தாது. 90 நாளுக்குள் மூன்று பதிப்புரிமை ஸ்டிரைக் விழுந்தால் சேனலையே எடுத்துவிடுவார்கள்.

6. இடமும் அனுமதியும்

மூன்று வழி இருக்கிறது.

முதலாவது வீடு. கதவைச் சாத்தி, வீட்டு ஸ்பீக்கரில், அறையில் இருப்பவர்களுக்குக் கேட்கிற அளவில் வைத்தால் அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டால் போதும். வாடகை வீடு என்றால் வீட்டு ஓனரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மொட்டை மாடி ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் திறந்த வெளியில் சத்தம் நான்கு தெருவுக்குப் போகும். பழைய தட்டின் மெல்லிய ஒலியோ பத்தடிக்கு மேல் கேட்காது. மாடியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இரண்டாவது நூலகம். அரசுக் கிளை நூலகங்கள் பலவற்றில் வாசகர் வட்டம் இருக்கிறது. அவர்கள் நிகழ்ச்சியாக நடத்தினால் இடச் செலவே இல்லை. முதலில் நூலகரிடம் பேசுங்கள். மாவட்ட நூலக அலுவலரின் ஒப்புதல் வேண்டும் என்பார். கடிதத்தை அவர் வழியாகவே அனுப்புங்கள். மூன்று வாரமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது மாநகராட்சி சமூக நலக்கூடம், அல்லது சங்கக் கட்டடம். வடசென்னையில் திருவொற்றியூர் 1ஆவது மண்டலம், மணலி 2, மாதவரம் 3, தண்டையார்பேட்டை 4, ராயபுரம் 5, திரு.வி.க. நகர் 6. உங்கள் தெரு எந்த மண்டலம் என்பதைப் பார்த்துக்கொண்டு அந்த மண்டல அலுவலகத்துக்குப் போங்கள். எல்லையோரம் குடியிருப்பவர்கள் தப்பான அலுவலகத்தில் அரை நாள் நிற்பது சகஜம். முன்பணம் எவ்வளவு, திரும்பி வருமா, கரண்டுக்குத் தனியா, பெருக்கித் தர வேண்டுமா என்று நான்கையும் முதலிலேயே கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். ஒரு தனியார் மண்டபத்தில் எல்லாம் முடிந்து கிளம்பும் நேரத்தில் ஏ.சி.க்குத் தனி என்று வாடகையில் பாதி கேட்டார்கள். ரசீதில் ஒன்றும் இல்லாததால் கொடுத்துவிட்டுத்தான் வர முடிந்தது.

ஒலிபெருக்கி வைக்கிறீர்கள் என்றால் எழுத்து மூலம் அனுமதி வேண்டும். 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியை ஒட்டிய தெருக்களில் இடம் பார்ப்பவர்கள் இதை முதலில் அளந்துகொள்ளுங்கள்.

விண்ணப்பத்தை உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் கொடுங்கள். அங்கிருந்து உதவி ஆணையர் அலுவலகத்துக்குப் போகச் சொன்னால் போக வேண்டியதுதான். கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னால் கொடுத்துவிடுவது நல்லது. கையில் இருக்க வேண்டியவை:

உங்கள் பேர், முகவரி, போன் நம்பர் போட்ட கடிதம், இரண்டு பிரதி. தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், எத்தனை பேர், எத்தனை ஸ்பீக்கர் என்று அதில் இருக்க வேண்டும்.
ஆதார் நகல்.
இடத்துக்காரரின் சம்மதக் கடிதம், அல்லது ஹால் ரசீது நகல்.
குழு நோட்டின் முதல் பக்க நகல். கேட்க மாட்டார்கள், கொடுத்தால் "என்ன கூட்டம், எந்தக் கட்சி?" என்ற கேள்வி சீக்கிரம் முடியும்.

இரண்டாவது பிரதியில் சீலும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். "அரசியல், மதப் பேச்சு இல்லை, பழைய இசைத்தட்டு கேட்கும் நிகழ்ச்சி" என்று ஒரு வரி சேர்த்தால் வேலை சுலபமாகிறது.

7. எந்த நாள், எந்த நேரம்

ஞாயிறு மாலை 4 முதல் 6.30 வரை நமக்கு ஒத்துவருகிறது. காசிமேட்டில் ஞாயிறு காலை மீன் வாங்க ஊரே திரளும், துறைமுகத்துத் தெருக்காரர்கள் மதியம்தான் படுப்பார்கள். கடலுக்குப் போகிற குடும்பங்கள் வர வேண்டும் என்று நினைத்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்தான் சரி. விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள்.

தவிர்க்க வேண்டியவை: மார்ச் மாதப் பொதுத்தேர்வு நாட்கள், ஆடி மாத ஞாயிறுகள், ஐப்பசி, கார்த்திகை அடைமழை. ஆடியில் ஒவ்வொரு தெருவிலும் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள், குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். உங்கள் தட்டு யார் காதுக்கும் எட்டாது. அன்றைக்கு நீங்கள் அந்தப் பாட்டுகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். மழைக் காலத்தில் தட்டையும் கேசட்டையும் வெளியே எடுத்துப் போவதே தப்பு.

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது. ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இடம் பார்த்தால் தென்சென்னை நண்பர்களும் சாக்குச் சொல்லாமல் வருவார்கள்.

8. செலவு

ஒரு தடவை செலவு: பழைய கேசட் டெக் 2,000லிருந்து, சவுண்டு கார்டும் ஒயரும் 1,000க்குள், வெளி ஹார்டு டிஸ்க் 4,000 பக்கம். பிளேயரை ஆரம்பத்தில் வாங்காதீர்கள். மைக்செட்காரரிடமோ நண்பரிடமோ கேட்டு வாங்கிப் பாருங்கள், அதுவே அறிமுகத்துக்கும் வழி.

ஒவ்வொரு கூட்டத்துக்கும்: வாடகை நாற்காலி ஒன்றுக்குப் பத்து ரூபாய், டீ, பிஸ்கட், ஆட்டோ. வீட்டிலோ நூலகத்திலோ நடத்தினால் இருபது பேருக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. வந்தவர்களே பங்கு போட்டுக்கொள்ளட்டும். உண்டியல் வைத்தால் கொடுக்க முடியாதவருக்குச் சங்கடம். நோட்டில் எழுதி மாதம் ஒரு தடவை வசூலிப்பதே மரியாதை.

9. கூட்டத்தன்று

ஆளுக்கு இரண்டு உருப்படி, ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷத்துக்குள். 78 சுற்றுத் தட்டு ஒரு பக்கம் மூன்று நிமிஷம்தான், அதனால் தொல்லை இல்லை, கேசட்காரர்கள்தான் இழுப்பார்கள். எட்டுப் பேர் கொண்டுவந்தால் பேச்சோடு இரண்டு மணி நேரம் சரியாக இருக்கும்.

முதலில் பாட்டு, பிறகு விவரம். இந்த ஒன்றில் நான் கறாராக இருப்பேன். "இது எப்படிக் கிடைச்சதுன்னா" என்று ஆரம்பித்தால் பத்து நிமிஷம் போய்விடும், கேட்பவர் காதும் மூடிவிடும். போட்டு முடித்து, கேட்டவர்கள் பேசின பிறகு சீட்டைப் படியுங்கள்.

ப்ளூடூத் வேண்டாம். நடுவில் யாருக்காவது போன் வந்தால் அந்த ரிங்டோன்தான் ஸ்பீக்கரில் ஒலிக்கும். ஒயர் போடுங்கள். எல்லாப் பதிவையும் ஒரே பென் டிரைவில், போடுகிற வரிசையில் எண் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கரண்டு போனால் பேட்டரியில் ஓடுகிற ஸ்பீக்கர் ஒன்று கைவசம் இருக்கட்டும். அசல் தட்டைக் கையிலிருந்து கைக்குச் சுற்றுக்கு விடாதீர்கள். அட்டையை மட்டும் விடுங்கள்.

வயதானவர்களை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். விவரம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். ஒருவர் நோட்டோடு உட்கார்ந்து அவர்கள் சொல்வதை அப்படியே எழுத வேண்டும்.

10. பாடுகிறவரையே அழைத்தால்

கானா பாடுகிற அண்ணன்களை அழைக்க ஆசை வரும், அழைக்க வேண்டும்தான். நட்பு என்று சொல்லிச் சும்மா பாட வைக்காதீர்கள். தொகையை முன்கூட்டியே பேசி, கவரில் போட்டு, பாடுவதற்கு முன்னாலேயே கொடுங்கள். பதிவு செய்வதாக இருந்தால் தனியாகக் கேளுங்கள். பாடுகிறவருக்குத் தன் நிகழ்ச்சியின் மேல் 50 வருஷ உரிமையைச் சட்டம் தந்திருக்கிறது. ஒரு தாளில் தமிழில் மூன்று வரி போதும்: எதைப் பதிந்தோம், யார் கேட்கலாம், நெட்டில் போடலாமா கூடாதா. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

சாவு வீட்டுக் கானாவை அங்கே போய்ப் போனில் பிடிக்காதீர்கள். அந்த வீட்டார் இறந்தவரின் பேரைச் சொல்லி அழுகிற இடம் அது. பாட்டு வேண்டுமென்றால் வேறொரு நாளில் பாடகரைச் சந்தித்துக் கேளுங்கள். விருப்பப்பட்டால் பாடுவார். சிலர் சாவு வீட்டுக்கு வெளியே அதைப் பாடுவதில்லை, வற்புறுத்தக் கூடாது.

11. கூட்டம் முடிந்து இரண்டு நாளுக்குள்

போட்ட வரிசை, புதிதாகத் தெரிந்த விவரம், சொன்னவர் யார், இன்னும் தெரியாதது என்ன என்று ஒரு பக்கப் பட்டியல் தயார் செய்து வந்தவர்களுக்கு அனுப்புங்கள். பட்டியல் இல்லாமல் கோப்பை மட்டும் அனுப்பினால், அடுத்த வருஷம் அது பேர் இல்லாத எம்.பி.3 ஆக வேறு குழுவிலிருந்து உங்களுக்கே வந்து சேரும். கோப்பின் பேரிலேயே பாடியவர், கம்பெனி, எண், பதிந்த தேதி வரட்டும். உரிமை தீர்ந்ததையும், பாடியவர் எழுதிச் சம்மதித்ததையும் மட்டும் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக. மற்றவை அடுத்த கூட்டத்தில் நேரில்.

பெட்டியைக் கொடுத்த மைக்செட்காரருக்கு அவருடைய கேசட்டுகளைப் பென் டிரைவில் போட்டு, அசலோடு திருப்பிக் கொண்டுபோய்க் கொடுங்கள். பெரும்பாலும் அன்றைக்குத்தான் இரண்டாவது பெட்டியைத் திறப்பார்.